வெள்ளை ஹெதர் இருந்த இடம்

சனிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். வியாழக்கிழமை மத்தியானம் எல்ஸ்பெத் கெடஸ் ஒரு தகரக் குவளையைத் தூக்கிக்கொண்டு, காட்டுப்பழம் பறித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு மலை ஏறினாள். பழமாவது, பறிப்பதாவது! கல்யாண வீட்டில் தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது எவள் பழம் பறிக்கப் போவாள்? ஆனால் கிளென் மாரக் பள்ளத்தாக்கில் ஆகஸ்டு மாதம் ஒரு பெண்பிள்ளை குவளையோடு மலை ஏறினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டால் மரியாதை இல்லை.

வீட்டில் இருந்தாலும் அவளுக்கு மூச்சு முட்டியிருக்கும். டண்டீ நகரத்திலிருந்து சம்பந்தியம்மாள் மிஸஸ் ரென்னி முந்தின நாளே வந்து இறங்கிவிட்டாள். நல்ல மனுஷிதான். அந்த நல்ல மனசைத்தான் தாங்க முடியவில்லை. வந்ததும் வராததுமாகப் பையைத் திறந்து, வெள்ளிக் காகிதம் சுற்றிய வெள்ளை ஹெதர்ப் பூங்கொத்து ஒன்றை மேசை நடுவில் வைத்தாள்.

"ரோனாவோட பூச்செண்டுக்கு, எல்ஸ்பெத். ரொம்ப ராசியாம். எங்க தெருமுனைப் பூக்கடையில சொல்லி வச்சு வாங்கினேன். நீங்க இதுக்குன்னு அலைய வேண்டாம் பாருங்க."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்று எல்ஸ்பெத் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

கடையில் வாங்கின ராசி கடைக்காரனுக்குத்தான் என்பது கிளென் மாரக்கில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். ஆகஸ்டு பிறந்தால் மலை முழுக்க ஹெதர் ஊதாவாகப் பூத்துக் கிடக்கும். அதில் எங்கோ ஒரு மூலையில், ஏதோ ஒரு புதர் மட்டும் வெள்ளையாகப் பூக்கும். அப்படி ஒரு புதர் இருக்கிற இடம் அந்தந்த வீட்டுப் பெண்களின் சொத்து. கல்யாணத்தன்று காலையில், மகள் உடை உடுத்தி முடித்ததும், தாய் அவள் காதில் இடத்தைச் சொல்வாள். அதுவரை மகளுக்கே தெரியாது. அப்பனுக்கு, அண்ணன் தம்பிக்கு, கட்டின புருஷனுக்கு ஒருநாளும் தெரியாது. எல்ஸ்பெத்தின் காதில் அவள் அம்மா சொன்னபோது வாயில் புதினா மிட்டாய் வாசனை அடித்தது. சுவருக்கு மேற்கா கிழக்கா என்று மறந்துவிடுமோ என்ற பயத்திலேயே அன்று பாதிரியார் கேட்ட கேள்விக்கு இரண்டாவது தடவைதான் பதில் சொன்னாள்.

ரோனாவும் ஐந்து வயதிலிருந்து நச்சரித்தவள்தான். "உன் நாள் வரும், அப்பச் சொல்றேன்" என்று சொல்லிச் சொல்லியே எல்ஸ்பெத் அவளை வளர்த்துவிட்டாள். அந்த நாளும் வந்தது, அதுவும் ஆகஸ்டில். மாப்பிள்ளை கிரேமுக்குக் கடல் நடுவே எண்ணெய்க் கிணற்றில் வேலை. விடுப்பு அப்போதுதான் கிடைத்தது. ஆகஸ்டு பன்னிரண்டில் மலைக்கவுதாரி வேட்டை தொடங்கிவிடும். எல்ஸ்பெத்தின் கணவன் ஆர்ச்சி அந்த எஸ்டேட் மலைக்குத் தலைமைக் காவல்காரன். அவன் வீட்டில் ஆகஸ்டில் கல்யாணம் வைப்பது, குடியானவன் அறுப்பு நாளில் காதுகுத்து வைப்பதுபோல. எஸ்டேட் துரை சனிக்கிழமை ஒரு நாள் வேட்டையை நிறுத்திவைத்தார். அதுவே அவருடைய கல்யாணப் பரிசு. வேறு எதுவும் வரவில்லை.

எல்ஸ்பெத் ஏறினாள். முழங்கால் உயரத்துக்கு இருபுறமும் பூ. நடக்க நடக்கச் செருப்பின் மேல் மகரந்தம் மாவுபோலப் படிந்தது. யாரோ கொண்டுவந்து இறக்கியிருந்த தேன்பெட்டிகளின் தேனீக்கள் காலடியில் எல்லாம் ரீங்கரித்தன. வடக்குச் சரிவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. நல்லதாகப் போயிற்று, ஆர்ச்சி அந்தப் பக்கம். சாய்ந்துபோன பழைய கல்சுவரைத் தாண்டி, ஓடை வளைகிற இடத்துக்கு வந்து, மேற்குப் பக்கம் திரும்பினாள்.

கறுப்பாக இருந்தது.

சுவர் ஓரத்திலிருந்து ஓடைக்கரை வரைக்கும், பாய் விரித்த மாதிரி நீளமாக ஒரு பட்டை எரிந்து கிடந்தது. வசந்தத்துக்கு முன்னால் கிழட்டு ஹெதரைப் பட்டை பட்டையாக எரிப்பது வழக்கம். எரித்தால் இளந்தளிர் வரும், தளிரைத் தின்று கவுதாரி பெருகும், பெருகினால் துரை சுடுவார். மலைக்காவல்காரனின் வேலையே அதுதான். எல்ஸ்பெத்துக்கு இது புதிதல்ல, கல்யாணமான நாள் முதல் அந்தப் புகையில்தான் துணி காயப்போடுகிறாள். ஆனால் இந்த மூலையில் ஒரு வருஷமும் நெருப்பு வந்ததில்லை.

கருகின தண்டுகள் கம்பிபோல நீட்டிக்கொண்டு நின்றன. அவள் காலுறை மாட்டிக் கிழிந்தது. மண்டியிட்டு, கையால் துழாவி, புதர் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். அடியில் பொட்டுப் பொட்டாகக் கொஞ்சம் பச்சை. அது ஹெதர்தானா, வேறு ஏதாவது பூண்டா என்று தெரியவில்லை. பூ இல்லை. ஒரு கிளை இல்லை. அழுகை வந்தது, ஆனால் அதைவிடக் கோபம் முந்திக்கொண்டது.

"பாழாப் போறவனுங்களா!" என்று மலையைப் பார்த்துக் கத்தினாள். மலை என்ன செய்யும்? வடக்கே இரண்டு தோட்டா வெடித்தது, அவ்வளவுதான்.

கீழே இறங்கி, முகத்தையும் முழங்காலையும் ஓடையில் கழுவிக்கொண்டு, நேராக நெட்டா வீட்டுக்குப் போனாள். நெட்டா அடுத்த வீட்டுக்காரி, பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி. கல்யாண விருந்துக்குத் துணியில் கட்டி வேகவைக்கும் பழப்புட்டு அவள் பொறுப்பு. அடுப்படி முழுக்க ஆவி.

"நெட்டா, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நினைக்கக் கூடாது."

"கேளேன்."

"வெள்ளை ஹெதர் ஒரே ஒரு கிளை வேணும்டி. எங்கேன்னு நீ சொல்ல வேண்டாம். நீயே பறிச்சு, எங்க வாசல்ல வச்சிட்டுப் போயிடு. நான் ஜன்னல்கிட்டகூட வரமாட்டேன்."

நெட்டா பானை மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"வெள்ளை ஹெதரா? இந்த மலையிலயா? பிறந்ததுலேர்ந்து இங்கதான் இருக்கேன், கண்ணால பார்த்ததில்லடி."

"உன் பெரிய பொண்ணுங்க ரெண்டு பேரும் பூச்செண்டுல வச்சிருந்தாங்களே!"

"அது… அவங்க அத்தை ஊர்லேர்ந்து வந்தது."

"எந்த அத்தை? உன் புருஷனுக்குத்தான் அக்கா தங்கச்சியே கிடையாதே."

"தூரத்து அத்தை."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவளைப் பார்த்திருக்கிறோம். நெட்டா பூசணித் தோட்டத்தையே மறைத்தாள். மறைத்துவிட்டு எதிர்க்கேள்வி வேறு. "உங்க அம்மா உனக்கு இடம் சொல்லியிருப்பாங்களே, அது என்னாச்சு?"

"எங்க அம்மா எனக்கு ஒண்ணும் சொல்லல" என்றாள் எல்ஸ்பெத்.

இரண்டு பேரும் ஒருவர் பொய்யை ஒருவர் முகத்தில் பார்த்தார்கள். பிறகு நெட்டா ஒரு தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அதை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு எல்ஸ்பெத் வீட்டுக்குக் கிளம்பினாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஆர்ச்சி வந்தான். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே நாய்களுக்குத் தீனி வைத்தான். எல்ஸ்பெத் கொல்லைப்புறக் கதவில் கை கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு வந்த சங்கடத்தைப் பாருங்கள். ஏன் எரித்தாய் என்று கேட்டால், அங்கே என்ன இருந்தது என்று அவன் கேட்பான். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்த முடியுமா? சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தாள்.

"சாய்ஞ்ச சுவருக்கு மேல இந்த வருஷம் நெருப்பு வச்சிருக்கீங்க போல."

ஆர்ச்சி வாளியைக் கீழே வைத்தான். "நீ அங்க எதுக்குப் போன?"

"பழம் பறிக்க."

"அங்க பழம் கிடையாதே."

"அதான் குவளை காலி."

அவன் படியில் உட்கார்ந்தான். தலையைச் சொறிந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"எனக்குத் தெரியும், எல்ஸ்பெத்."

"என்ன தெரியும்?"

"அந்த வெள்ளை."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது சுட்டது.

"எப்போலேர்ந்து?"

"நம்ம கல்யாணம் ஆன வருஷமே. எதிர்மலையில மானைத் தேடிக்கிட்டு தூரக்கண்ணாடி வச்சுப் பார்த்துக்கிட்டிருந்தேன். நீ வந்து மாட்டின. ஆளே இல்லாத மலையில நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துட்டுக் குனிஞ்ச. கோழி திருடுற நரிகூட அவ்வளவு பார்க்காது."

"அப்போ இத்தனை வருஷமா…"

"அந்த மூலையை நான்தான் விட்டு வச்சேன். கீழ வேலை செய்யிறவங்க கேட்டா, அது ஈரமண், நெருப்புப் பிடிக்காதுன்னு சொல்லிடுவேன். இந்த மார்ச்சில முழங்கால் ஆப்பரேஷனுக்கு பெர்த் டவுன் ஆஸ்பத்திரியில படுத்துட்டேன் இல்ல, எனக்குப் பதிலா என் கையாள் கென்னிதான் எரிச்சான். பனியும் இல்லாம மழையும் இல்லாம காய்ஞ்சு கிடந்திருக்கு. பிடிச்சிடுச்சு."

"கென்னிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே! அந்த மூலையைத் தொடாதேன்னு!"

"ஏன்னு கேப்பான். நான் என்ன சொல்றது? அது உன் இடம். நான் சொல்லலாமா?"

"வாயில வந்த பொய்யைச் சொல்ல வேண்டியதுதானே!"

"எனக்குப் பொய் வராதுன்னு உனக்கே தெரியும். ஈரமண்ணுங்கிற ஒண்ணைத்தான் இத்தனை வருஷமா வச்சு ஓட்டினேன்."

"சரி, எரிஞ்சப்புறம் என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே? மார்ச்சுலேர்ந்து ஆகஸ்டு வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து கஞ்சி குடிச்சியே!"

ஆர்ச்சி பரிதாபமாகப் பார்த்தான். "போயிடுச்சுன்னு சொல்லணும்னா, இருந்தது எனக்குத் தெரியும்னு சொல்லணுமே."

எல்ஸ்பெத்துக்கு அவனை அந்த வாளியாலேயே ஒரு போடு போடலாமா என்று இருந்தது. போட்டால் மட்டும் யார்மேல் குற்றம்? கென்னிக்குத் தெரியாது, தப்பில்லை. ஆர்ச்சி சொல்லக்கூடாததைச் சொல்லவில்லை, தப்பில்லை. அவளும் அம்மா சொன்னபடி வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள், அதுவும் தப்பில்லை. எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்டு, சேர்ந்து புதரைக் கொளுத்திவிட்டார்கள். இப்படி ஒரு எரிச்சல் அவளுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

"வேற வீட்டு இடங்களும் எனக்குத் தெரியும்" என்றான் ஆர்ச்சி தயங்கித் தயங்கி. "ஒரு கிளை ஒடிச்சிட்டு வரட்டுமா?"

"திருட்டு ராசியா? என் பொண்ணுக்கா? போய் நாயைக் கட்டு!"

சனிக்கிழமை காலையில் ரோனா உடை உடுத்தி முடித்தாள். அழகாகத்தான் இருந்தாள். அறையிலிருந்த தோழிகளை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள்.

"ம், சொல்லு. இப்பவும் சொல்லலேன்னா உன்னைக் கொன்னுடுவேன்."

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லடி."

"அம்மா, விளையாடாதே. பாதிரியார் காத்துக்கிட்டிருக்கார்."

"இருந்தது. எரிஞ்சுபோச்சு. உங்க அப்பாவோட ஆளுங்க எரிச்சிட்டாங்க."

ரோனாவின் சிரிப்பு அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கண்ணாடியில் தன்னையே பார்த்தாள். "பரவாயில்ல. இடத்தையாவது சொல்லு."

"சாம்பலையா சொல்லச் சொல்ற? கல்யாணத்தன்னிக்குக் காலையில, காதுக்குள்ள? என் வாயால முடியாது."

"அப்போ நாளைக்கு எனக்கு ஒரு பொண்ணு பிறந்தா, அவ காதுல நான் என்ன சொல்வேன்?"

ரோனா கீழே இறங்கிப் போய், மேசை மேல் இருந்த கடை ஹெதரை எடுத்தாள். வெள்ளிக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கொத்தைப் பூச்செண்டுக்குள் குத்தினாள்.

"பூக்கடைக்குப் போன்னு சொல்லிடறேன்" என்றாள்.

தேவாலயத்தில் எல்ஸ்பெத் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். புதுத் தொப்பி நெற்றியை அறுத்தது. பாட்டுக்கு வாய் மட்டும் அசைத்தாள். மகள் சொன்னது ஒவ்வொன்றும் நியாயம். அதனால்தான் அவ்வளவு வலித்தது.

விருந்து ஊர் மண்டபத்தில். மாட்டிறைச்சி வைத்துச் சுட்ட அடை, உருளைக்கிழங்கு, நெட்டாவின் பழப்புட்டு, வேண்டிய மட்டும் விஸ்கி. ஃபிடில்காரர்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மிஸஸ் ரென்னி மேசை மேசையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பொண்ணு கையில இருக்கே, அந்த வெள்ளை ஹெதர் எங்க தெருமுனைக் கடையில வாங்கினது. ஃபிரெஷ்ஷா இருக்கு பாருங்க!" கிளென் மாரக் பெண்கள் எல்லோரும் இனிமையாகச் சிரித்து, அவள் நகர்ந்ததும் எல்ஸ்பெத்தைப் பார்த்தார்கள். இரக்கப்பட்டார்களா, மெச்சிக்கொண்டார்களா தெரியவில்லை. இரண்டுமே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா கென்னிக்கு வாய் வளர வேண்டும்! இரண்டு பிள்ளை பெற்ற மனுஷன், மூன்று கிளாஸ் உள்ளே போயிருந்தது. மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னான்:

"இந்த வருஷம் எரிச்ச மாதிரி எந்த வருஷமும் எரிச்சதில்லை! ஆர்ச்சி எப்பவும் சொல்வாரே, சாய்ஞ்ச சுவருக்கு மேல ஈரமண், பிடிக்காதுன்னு. என்ன ஈரம்? ஒரு குச்சிதான் கிழிச்சேன், பட்டுனு பிடிச்சது பாரு!"

எல்ஸ்பெத் எழுந்து நின்றாள். கையில் இருந்த கரண்டியால் கண்ணாடிக் கிளாஸைத் தட்டினாள். மணமகளின் தாய் பேசுவது அங்கே வழக்கமில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஃபிடில் நின்றது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. ரோனா, நீயும் கேளு. உன் காதுல சொல்ல வேண்டியதைச் சத்தமாவே சொல்றேன். ரகசியம்னு பொத்திப் பொத்தி வச்சு நான் கண்டது போதும். சாய்ஞ்ச சுவரைத் தாண்டி, ஓடை வளையிற இடத்துல, மேற்குப் பக்கம். அங்கதான் எங்க வீட்டு வெள்ளை ஹெதர் இருந்தது. எங்க அம்மா எனக்குச் சொன்னது, அவங்க அம்மா அவங்களுக்குச் சொன்னது. மார்ச்சு மாசம் அதைக் கென்னி கொளுத்திட்டான். அவன்மேல தப்பில்லை. யாரும் அவன்கிட்ட சொல்லல."

ஒரு பெண் தன் மகளின் காதை அவசரமாகப் பொத்தினாள், அடுத்த வீட்டு ரகசியத்தைக் கேட்டால் பாவம் என்பதுபோல. கென்னியின் வாய் திறந்தபடியே இருந்தது.

அப்போது ஒரு தட்டு தரையில் விழுந்து உடைந்தது.

"எரிஞ்சுபோச்சா?" நெட்டா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஓடை வளைவுலயா? மேற்குப் பக்கமா? முழுசாவா?"

"உனக்கென்னடி வந்தது?" என்றாள் எல்ஸ்பெத்.

"எனக்கென்ன வந்ததா? அது எங்க அம்மா என் காதுல சொன்ன இடம்டி! அடுத்த வருஷம் என் சின்னவ ஊனாவுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். அவ காதுல நான் என்னத்தைச் சொல்வேன்?"

இரண்டு தலைமுறையாக இரண்டு வீடும் ஒரே புதரை, ஒன்றுக்கொன்று தெரியாமல், தன்னுடையது என்று காத்து வந்திருக்கின்றன. பக்கத்து வீடு. ஒரே கொடியில் துணி காயப்போடுகிறவர்கள்.

மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். ஆர்ச்சி தட்டிலிருந்த இறைச்சி அடையின் ஓரத்தைக் கத்தியால் ரொம்பக் கவனமாக வெட்டிக்கொண்டிருந்தான்.

"ஆர்ச்சி. இவ அங்க வர்றதும் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"அது நெட்டா சொல்ல வேண்டியது" என்றான்.

யாரோ ஒருவர் சிரித்துவிட, மண்டபமே கொல்லென்று சிரித்தது. எல்ஸ்பெத் சிரிக்கவில்லை. நெட்டாவும் சிரிக்கவில்லை. ரோனா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"வேர் இருக்குமாம்மா?"

"அடியில கொஞ்சம் பச்சை பார்த்தேன். என்னன்னு தெரியல."

ஆர்ச்சி கத்தியைக் கீழே வைத்தான். "வேர்லேர்ந்து தளிர்த்தா வெள்ளையாத்தான் வரும். விதையிலேர்ந்து வந்தா பெரும்பாலும் ஊதா. பூத்தாத்தான் தெரியும். மூணு நாலு வருஷம் ஆகும்."

"அதுவரைக்கும் யாரும் அதுமேல நெருப்பு வைக்காம இருக்கணும்" என்றாள் எல்ஸ்பெத். தொப்பியைக் கழற்றி மேசைமேல் எறிந்துவிட்டு, கென்னியின் முன்னால் போய் நின்றாள். நெட்டாவும் வந்து பக்கத்தில் நின்றாள்.

"கென்னி, எழுந்திரு. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு."

கென்னி எழுந்தான். முகம் காதுவரை சிவந்திருந்தது. "சாய்ஞ்ச சுவரைத் தாண்டி…" என்று முணுமுணுத்தான்.

"உரக்க" என்றாள் நெட்டா.